ஜாஸ் ரிக்கார்டு: விலை யாருக்கு, இசை யாருக்கு?

1957 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றைக் கடந்து கொஞ்ச தூரம் போனால் நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக். அங்கே ஒரு குடும்ப வீட்டின் முன்கூடத்தில் பியானோவும் டிரம்ஸும் மைக்குகளும் நிற்கின்றன. கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் இயந்திரத்தின் முன்னால் ரூடி வான் கெல்டர். வீடு அவருடைய பெற்றோருடையது. பிழைப்புக்கு அவர் கண் பரிசோதகர். ஒலிப்பதிவு அவருடைய பித்து. மைக்கைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்பவர் என்று பெயர் வாங்கியவர்.

கூடத்தில் ஆறு பேர். டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர் ஹேங்க் மோப்லி, 26 வயது. பியானோவில் சோனி கிளார்க், 25 வயது. பாஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸுக்கு 22. டிரம்பெட்டில் பில் ஹார்ட்மன், இன்னொரு சாக்ஸபோனில் கர்டிஸ் போர்ட்டர், டிரம்ஸில் ஆர்ட் டெய்லர். டேப் ஓடத் தொடங்குகிறது. அன்று அந்தக் கூடத்தில் பதிவானதை ப்ளூ நோட் கம்பெனி 1568 என்ற வரிசை எண்ணோடு தட்டாக்கி வெளியிட்டது. தலைப்பே 'ஹேங்க் மோப்லி'தான்.

அந்தத் தட்டின் முதல் அச்சு, கீறல் விழாமல், உறை கிழியாமல் இன்று ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. நம் பணத்தில் பல லட்சம் ரூபாய். உலகெங்கும் ஜாஸ் ரிக்கார்டு சேர்ப்பவர்கள் ஏங்கித் தேடும் தட்டுகளில் அது முன்வரிசையில் நிற்கிறது.

சோனி கிளார்க் 1963 ஜனவரியில், 31 வயதில், ஹெராயின் பழக்கத்தால் சீரழிந்து நியூயார்க்கில் இறந்துபோனார். ஹேங்க் மோப்லி நுரையீரல் கெட்டு, வாசிப்பை நிறுத்தி, சில காலம் தங்க வீடுகூட இல்லாமல் திரிந்து, 1986-ல் ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். வயது 55.

தட்டுக்குக் கிடைத்த மதிப்பு, அதில் வாசித்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இசைத்தட்டு மீண்டும் பெரும் வியாபாரமாகிவிட்ட இந்த நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

திரும்பி வந்த கறுப்புத் தட்டு

செத்துவிட்டது என்று எல்லோரும் எழுதி முடித்த பண்டம் இது. அமெரிக்க ரெக்கார்டிங் தொழில் சங்கத்தின் கணக்குப்படி 2022-ல் அந்த நாட்டில் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன, சி.டி. 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு சி.டி.யை முந்தியது அதுதான் முதல் முறை. மறு வருடம் தட்டு விற்பனை 4.3 கோடி ஆயிற்று.

விற்பனையில் பெரும் பகுதி பாப் இசைதான். டெய்லர் ஸ்விஃப்ட் ரசிகைகள் வாங்கும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஜாஸ் வரவே முடியாது. ஆனால் பழைய தட்டுகளின் சந்தையில் ஜாஸுக்குத் தனி மரியாதை. அதற்குக் காரணம், நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டும் நவீன ஜாஸும் ஒன்றையொன்று வளர்த்தவை என்பதுதான்.

அதற்கு முன் இருந்தது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ராக ஆலாபனையை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்க நம் வித்வான்கள் பட்ட பாட்டைக் கிராமபோன் கால ரசிகர்கள் அறிவார்கள். ஜாஸ்காரர்களுக்கும் அதே பாடுதான். மேடையில் பத்து நிமிடம் கற்பனையை விரிக்கிறவர், தட்டில் ஒரு சுற்று வாசித்துவிட்டு ஒதுங்க வேண்டும்.

1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி.யை அறிமுகம் செய்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். 1950 டிசம்பரிலேயே ஜாஸ் குழுத்தலைவர் டியூக் எலிங்டன் தன் பழைய 'மூட் இண்டிகோ'வைப் பதினைந்து நிமிடத்துக்கு விரித்துப் பதிவு செய்துவிட்டார். நாம் இன்று கொண்டாடும் ஐம்பது, அறுபதுகளின் ஜாஸ் முழுவதும் அந்த இருபது நிமிட இடத்தில் விளைந்தது.

■ நம் பக்கத்துக் கதை

78 சுற்றுத் தட்டு செய்யத் தேவையான அரக்கு, பூச்சியிடமிருந்து கிடைப்பது. உலகத் தேவைக்கு அதைப் பெருமளவில் அனுப்பிய நாடு இந்தியா. இரண்டாம் உலகப்போரில் கப்பல் வழி சிக்கலானதும் 1942-ல் அமெரிக்க அரசு தட்டுக் கம்பெனிகளுக்கு அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கம்பெனிகள் மக்களைக் கேட்கும் நிலை வந்தது. வினைல் என்ற செயற்கைப் பொருள் பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது.

1958-ல் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்து சென்னையிலும் வாசித்தது. அந்தப் பயணத்தின் தாக்கத்தில் புரூபெக் வெளியிட்ட தட்டு 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா'. 'கல்கத்தா ப்ளூஸ்' அதில்தான் இருக்கிறது.

காது முத்திரையைத் தேடி

ப்ளூ நோட் கம்பெனியை 1939-ல் நியூயார்க்கில் தொடங்கியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் லயன், பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து அவரோடு சேர்ந்த இளம்பருவ நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப், ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உறைகளில் வந்தன. வடிவமைப்பாளர் ரீட் மைல்ஸ் அந்தப் படங்களை வெட்டி, எழுத்துகளைப் பெரிதாக்கி, ஓவியம்போல உறை செய்தார். ஒலி வான் கெல்டருடையது. இந்த நால்வர் கூட்டுக்குத்தான் இன்று இத்தனை பித்து.

ஒரு தலைப்பு எத்தனையோ முறை அச்சாகியிருக்கும். அவற்றில் எது முதல் அச்சு என்று கண்டுபிடிப்பது தனி வித்தை. லேபிளில் அச்சடித்த கம்பெனி முகவரி, தட்டின் விளிம்பு, மையத்தைச் சுற்றி ஓடும் ஆழமான வளையம், வெற்றுப் பகுதியில் கீறப்பட்ட எழுத்துகள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு முகவரி மாறினால் விலை பாதியாகிவிடும்.

இதை வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் அச்சுக்கு ஒலியிலும் நியாயம் உண்டு. டேப் புதிதாக இருந்தபோது, பதிவு செய்த வான் கெல்டரே தன் கையால் வெட்டிய தட்டு அது. பியானோ சற்று மங்கலாகக் கேட்டாலும், சாக்ஸபோன் உங்கள் அறைக்குள் வந்து நிற்கும். ஆனால் பல லட்ச ரூபாய் வித்தியாசம் ஒலியால் வருவதில்லை. அரிதாக இருப்பதால் வருகிறது. 1568 எண் தட்டு அன்று அதிகம் விற்கவில்லை என்பதுதான் இன்று அதன் விலைக்குக் காரணம். மோப்லியின் அன்றைய தோல்வி, வேறொருவரின் இன்றைய முதலீடு.

■ ஏலத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

காது: பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தில் காது வடிவில் ஒரு சிறு குறி. உண்மையில் அது ப்ளாஸ்டிலைட் என்ற அச்சுத் தொழிற்சாலையின் முதல் எழுத்து. 1966 வரை ப்ளூ நோட் தட்டுகள் அங்கே அச்சாயின. காது இல்லையென்றால் பிற்கால அச்சு.

முகவரி: 767 லெக்சிங்டன் அவென்யூ என்றால் பழையது. 47 வெஸ்ட் 63-வது தெரு அடுத்தது. 43 வெஸ்ட் 61-வது தெரு அதற்கும் பிந்தியது.

வான் கெல்டர் குறி: அவர் பெயரின் முதல் எழுத்துகள் வெற்று வளையத்தில் கையால் கீறியோ முத்திரையாகவோ இருக்கும். அவர் வெட்டிய தட்டு என்பதற்கு அத்தாட்சி.

வாசித்தவர் கணக்கு

ஆல்ஃபிரட் லயனைக் கொடுமைக்கார முதலாளியாகக் காட்டுவது நியாயம் ஆகாது. பதிவுக்கு முன் ஒத்திகை வைத்து அதற்கும் கூலி கொடுத்தவர் அவர். அந்தக் காலத்துச் சிறு கம்பெனிகளில் இது அபூர்வம். சிக்கல் ஏற்பாட்டிலேயே இருந்தது. குழுவில் பக்க வாத்தியம் வாசித்தவருக்கு அன்றைய கூலி மட்டும்தான். தட்டு லட்சம் விற்றாலும் நூறு விற்றாலும் அவர் கணக்கு அன்றே முடிந்தது. தலைவராகப் பெயர் போட்டவருக்கு ராயல்டி உண்டு. ஆனால் முன்பணமாக வாங்கியதைக் கழித்துக்கொண்டுதான் வரும். போதைப் பழக்கத்துக்கும் வீட்டு வாடகைக்கும் நடுவே தவித்தவர்கள் முன்பணத்திலேயே வாழ்ந்தார்கள்.

அமெரிக்காவில் இன்னொரு அநியாயம் இன்றுவரை நடக்கிறது. சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலிபரப்பானால் அதை எழுதியவருக்குப் பணம் போகும். வாசித்தவருக்கும் பாடியவருக்கும் ஒரு காசு கிடையாது. பழைய தட்டு கைமாறும்போதும் அப்படியே. ஏலத்தில் பத்து மடங்கு விலை ஏறினாலும் விற்றவருக்கும் ஏலக்காரருக்கும்தான் லாபம்.

மோப்லிக்கு இன்னொரு வேதனையும் இருந்தது. அவர் பதிவு செய்த பலவற்றைக் கம்பெனி வெளியிடவே இல்லை. 1973-ல் 'டவுன்பீட்' பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், தன் தட்டுகள் அலமாரியில் தூங்குவதைச் சொல்லி வருந்தினார். 1966-ல் பதிவான 'எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்' வெளிவந்தது 1979-ல். 1970-ல் பதிவான 'திங்கிங் ஆஃப் ஹோம்' வந்தது 1980-ல். அப்போது அவரால் சாக்ஸபோன் எடுத்து மேடையேறி அந்தத் தட்டுகளை விற்க முடியாது. ஒரு இசைக்கலைஞனுக்குத் தட்டு என்பது அடுத்த கச்சேரிக்கான அழைப்பிதழ். பதின்மூன்று வருடம் கழித்து அழைப்பிதழ் அச்சாகி என்ன பயன்?

இவ்வளவுக்கும் அவர் சின்ன ஆள் இல்லை. டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தவர். 1960 பிப்ரவரியில் அவர் பதிவு செய்த 'சோல் ஸ்டேஷன்' தட்டை இன்று கேட்டாலும் அந்த நிதானமும் வட்டமான ஒலியும் மனதைப் பிடித்துக்கொள்ளும். அதே சாக்ஸபோனில் புகழ்பெற்ற ஜான் கோல்ட்ரேனின் வேகத்துக்கும் சோனி ரோலின்ஸின் கம்பீரத்துக்கும் நடுவில் மென்மையாக வாசித்தவரை அவர் காலம் கவனிக்காமல் கடந்தது.

ஐரோப்பியக் கதவு

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' மாதிரிப் புகழ்பெற்ற தலைப்புகளை இணையக் கடையில் தேடிப் பாருங்கள். ஒன்று விலை அதிகமாக இருக்கும். இன்னொன்று அதில் பாதிதான் இருக்கும். இரண்டிலும் 180 கிராம் தட்டு என்று பெருமையாகப் போட்டிருக்கும். விலை குறைந்தது எங்கே அச்சானது என்று பார்த்தால் பெரும்பாலும் ஐரோப்பா.

ஐரோப்பிய நாடுகளில் ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 50 வருடமாக இருந்தது. 2013-ல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் காலாவதியானவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. அதனால் 1962 வரை வெளியான ஜாஸ் அத்தனையும் அங்கே பொதுச் சொத்து. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியான 1959-ம், 'சோல் ஸ்டேஷன்' பதிவான 1960-ம் அந்த எல்லைக்குள் வருகின்றன. யாரும் யாரிடமும் கேட்காமல் அச்சடிக்கலாம். இப்படி அச்சடிக்கிறவர்களிடம் மாஸ்டர் டேப் இருக்காது. பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சி.டி.யிலிருந்தே தட்டு வெட்டுகிறார்கள். வாசித்தவரின் பிள்ளைகளுக்குப் பணம் போகாது. அந்த இரண்டு பதிவுகளுக்கும் அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டம் 2067 வரை பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது.

சட்டப்படி தவறில்லை என்று விற்கிறவர் சொல்லலாம். சரிதான். ஆனால் சி.டி.யிலிருந்து வெட்டிய தட்டை வாங்குவதற்கு அந்த சி.டி.யையே வாங்கிக் கேட்கலாமே! ஒலியும் நஷ்டம், உரியவருக்கும் நஷ்டம்.

தங்கள் தட்டைத் தாங்களே போட்டவர்கள்

வாசித்தவருக்குப் பங்கு கிடைக்காத அநியாயத்தை அந்தக் காலத்துக் கலைஞர்களே அப்போதே கண்டார்கள். 1952-ல் பாஸ் வாசிக்கும் சார்லஸ் மிங்கஸும் டிரம்ஸ் வாசிக்கும் மேக்ஸ் ரோச்சும் 'டெப்யூ' என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சிகாகோவில் ஜாஸ் குழுத்தலைவர் சன் ராவும் அவர் நண்பர் ஆல்டன் ஆபிரகாமும் 'சாட்டர்ன்' என்று ஒன்று தொடங்கி, சிறு எண்ணிக்கையில் அச்சடித்து, பல உறைகளைக் கையாலேயே வரைந்து, கச்சேரி வாசலில் விற்றார்கள். 1971-ல் டிரம்பெட் வாசிக்கும் சார்லஸ் டாலிவரும் பியானோ வாசிக்கும் ஸ்டான்லி கவலும் நியூயார்க்கில் 'ஸ்ட்ராட்டா ஈஸ்ட்' தொடங்கினார்கள். பதிவின் உரிமை கலைஞனிடமே இருக்கும் என்பது அவர்கள் ஏற்பாடு. கில் ஸ்காட் ஹெரானும் பிரையன் ஜாக்சனும் செய்த 'விண்டர் இன் அமெரிக்கா' 1974-ல் அங்கேதான் வந்தது.

பெரிய கம்பெனிகளின் விநியோக பலம் இவர்களுக்கு இல்லை. கடைகளில் தட்டு கிடைக்காது. அதனால் குறைவாக விற்றன, அதனால் இன்று அரிதாயின, அதனால் ஏலத்தில் எகிறுகின்றன. சன் ரா கையால் தொட்ட உறை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது: ஸ்ட்ராட்டா ஈஸ்ட் தட்டு மறுவெளியீடு காணும்போது கையெழுத்துப் போட வேண்டியவர் கலைஞர் அல்லது அவர் குடும்பம். ஐம்பது வருடத்துக்கு முந்திய பிடிவாதம் இன்று பலன் தருகிறது.

ஒரு தட்டு, நூறு காது

வாங்கிப் பூட்டி வைப்பது ஒரு வழி. இன்னொரு வழியை ஜப்பான் காட்டியது.

யோகோஹாமாவில் 'சிகுசா' என்ற காபிக்கடை 1933-ல் திறந்தது. நடத்தியவர் யோஷிதா மமோரு. காபி வாங்கினால் ஜாஸ் தட்டு கேட்கலாம். போர்க்காலத்தில் ஜாஸை எதிரி நாட்டு இசை என்று அரசு தடை செய்தது. 1945 குண்டுவீச்சில் கடையும் தட்டுகளும் சாம்பலாயின. போர் முடிந்ததும் யோஷிதா மறுபடி தட்டு சேர்த்துக் கடையைத் திறந்தார். அங்கே உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்ற இளைஞர்களில் அகியோஷி தோஷிகோவும் வதனாபே சதாவோவும் பின்னாளில் உலகம் அறிந்த ஜாஸ் கலைஞர்கள் ஆனார்கள்.

இந்த மாதிரிக் கடைகளுக்கு 'ஜாஸ் கிஸ்ஸா' என்று பெயர். ஐம்பது, அறுபதுகளில் ஜப்பானில் இறக்குமதித் தட்டின் விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாதது. வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமும் இல்லை. ஒரு காபியின் விலைக்கு ஒரு மாணவன் மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டான். பல கடைகளில் பேசத் தடை. ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் உறையை எல்லோரும் பார்க்கும்படி எடுத்து வைப்பார்கள். விரும்பியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் முறை வரும்போது போடுவார்கள். ஒரு பக்கம் முழுதாக ஓடும். நடுவில் ஊசியைத் தூக்குவது கிடையாது. நம் சபாக்களில் முன்வரிசையில் தாளம் போட்டபடி கண்ணை மூடியிருக்கும் ரசிகரை இங்கே எல்லா நாற்காலியிலும் பார்க்கலாம்.

தமிழில் பலரும் படித்திருக்கும் ஹருகி முரகாமி நாவலாசிரியர் ஆவதற்கு முன் நடத்தியதும் இப்படி ஒரு கடைதான். 1974-ல் டோக்கியோவின் கோகுபுஞ்சி பகுதியில் திறந்தார். பெயர் 'பீட்டர் கேட்'. வடக்கே இவாதே மாகாணத்தில் இச்சினோசெகி என்ற சிறிய ஊரில் சுகவாரா ஷோஜி 1970-ல் தொடங்கிய 'பேஸி' இந்த உலகத்தின் புண்ணியத் தலம். அங்குள்ள ஸ்பீக்கர்களைக் கேட்கவே ரயில் ஏறி வந்தவர்கள் உண்டு. கடைக்குப் பெயர் தந்த ஜாஸ் குழுத்தலைவர் கவுன்ட் பேஸியே நேரில் வந்திருக்கிறார்.

சோனி கிளார்க்கின் பெயர் அழியாமல் நின்றதும் இந்தக் கடைகளால்தான். 1958-ல் அவர் பதிவு செய்த 'கூல் ஸ்ட்ரட்டின்' அமெரிக்காவில் கவனிக்கப்படாமல் போனது. ஜப்பானில் கிஸ்ஸாதோறும் ஓடியது. அங்கே அது விற்ற அளவுக்கு அவர் சொந்த நாட்டில் விற்கவில்லை. மோப்லியின் வெளிவராத பதிவுகள் சிலவற்றை அமெரிக்கக் கிடங்கிலிருந்து எடுத்து முதன்முதலில் தட்டாக்கியதும் ஜப்பானின் கிங் கம்பெனிதான். கேட்கிறவர்கள் இருந்ததால் தட்டு வந்தது. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு தட்டைப் பத்தாயிரம் டாலருக்கு வாங்கும் ஒருவரால் நடக்காத காரியம், காபி வாங்கிக் கேட்ட ஆயிரம் பேரால் நடந்தது.

அந்தக் கடைகளில் பல இன்று மூடிவிட்டன. சிகுசாவும் 2007-ல் மூடி, பிறகு அன்பர்கள் முயற்சியால் மீண்டது. மறுபக்கம், லண்டனிலும் நியூயார்க்கிலும் இளைஞர்கள் அதே மாதிரியில் கேட்கும் கூடங்களைத் திறக்கிறார்கள்.

■ ஒரு தட்டு எப்படிப் பிறக்கிறது?

அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மென்மையான மெழுகு போன்ற பூச்சில், டேப்பின் ஒலியை ஒரு வெட்டூசி பள்ளமாகக் கீறும். அதன் மேல் வெள்ளியும் நிக்கலும் படியவைத்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுகளுக்கு நடுவில் சூடான வினைலை வைத்து அழுத்தினால் தட்டு. அச்சு தேயத் தேய ஒலியின் கூர்மை குறையும்.

சுழலும் வேகம் ஒன்றுதான். ஆனால் ஊசியின் அடியில் பள்ளம் ஓடும் வேகம் வெளி ஓரத்தில் நொடிக்கு 50 செ.மீ. அளவில் இருந்து உள் ஓரத்தில் சுமார் 20 செ.மீ. ஆகிறது. கடைசிப் பாட்டில் ஒலி சற்றுக் கலங்குவது அதனால்தான்.

காது சொன்னதா, உறை சொன்னதா?

2022 ஜூலையில் சேகரிப்பாளர் உலகத்தில் ஒரு பூகம்பம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் பல வருடங்களாக உயர்விலை மறு அச்சுகளை விற்றுவந்தது. மூல டேப்பிலிருந்து நேராக, கம்ப்யூட்டர் தொடாமல் வெட்டியவை என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். ஃபீனிக்ஸ் நகரத்து ரிக்கார்டுக் கடைக்காரர் ஒருவர், நடுவில் டிஜிட்டல் நகல் எடுக்கிறார்கள் என்று வீடியோவில் சொன்னார். நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வழக்கு வந்து, 2.5 கோடி டாலர் அளவில் சமரசம் ஆனது.

அந்த டிஜிட்டல் நகல் மிக உயர்ந்த தரத்தில் எடுக்கப்பட்டது. டிஜிட்டல் என்றால் என் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்று சொன்னவர்கள்தான் அந்தத் தட்டுகளைப் பல வருடம் புகழ்ந்தார்கள். நிறுவனம் உண்மையை மறைத்தது தவறு. அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் உறையில் எழுதியதை நம்பிக் கேட்டோமா, ஒலியைக் கேட்டோமா என்று ஒவ்வொரு ரசிகரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி அது.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்துக்கான மூன்று பாட்டுகளைப் பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டியபோது பாட்டு வேகமாகி, சுருதி உயர்ந்துவிட்டது. அந்தப் பிழையோடுதான் தட்டு வெளிவந்தது, 1992-ல்தான் திருத்தினார்கள். ஆகவே ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் முதல் அச்சின் முதல் பக்கத்தில் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் அவர் வாசித்த சுருதியில் இல்லை. கூட வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் வாத்தியம் சேரவில்லையே என்று குழம்பியிருக்கிறார்கள்.

எரிந்த டேப்புகள்

சேகரிப்பவர்களின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யூனிவர்சல் வளாகத்தில் தீப்பிடித்தது. எரிந்த கட்டடம் ஒன்றில் மாஸ்டர் டேப்புகள் இருந்தன. 2019-ல் 'நியூயார்க் டைம்ஸ்' விரிவாக எழுதியபோதுதான் இழப்பு பொதுமக்களுக்குத் தெரிந்தது. எவ்வளவு எரிந்தது என்பதில் கம்பெனிக்கும் பத்திரிகைக்கும் கருத்து வேறுபாடு. டேப்புகளைக் காக்கும் பொறுப்பைக் கம்பெனிகளிடம் மட்டும் விட முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜான் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6 அன்று பதிவு செய்த ஒரு முழுத் தொகுப்பு காணாமலே போயிருந்தது. கேட்டுப் பார்க்க அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்ற நகல் முதல் மனைவி நைமாவின் குடும்பத்தில் இருந்ததால்தான் 2018-ல் உலகம் அதைக் கேட்டது. 1923-ல் இண்டியானாவின் ரிச்மண்டில் கிங் ஆலிவர் குழு வாசித்த ஜென்னட் தட்டுகள், இளம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் முதல் பதிவுகள். இன்று நாம் அவற்றைக் கேட்பது, யாரோ ரசிகர்கள் பாதுகாத்து வைத்த தட்டுகளிலிருந்து எடுத்த பிரதியில்தான். கம்பெனிகள் குப்பையாக நினைத்ததைத் தனி மனிதர்கள் தங்கள் அலமாரியில் காத்தார்கள்.

தொழிலும் இன்னும் நூலிழையில்தான் தொங்குகிறது. தட்டு வெட்டத் தேவையான அந்தப் பூச்சுத் தகட்டை உலகில் செய்துவந்தவை இரண்டே நிறுவனங்கள். 2020 பிப்ரவரி 6-ல் கலிஃபோர்னியாவின் பானிங்கில் இருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் எரிந்துபோனது. மிச்சம் ஜப்பானில் ஒன்று. தட்டுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது.

நீங்கள் தொடங்குவதானால்

முதல் அச்சைத் துரத்தாதீர்கள். ப்ளூ நோட்டின் 'டோன் போயட்', 'கிளாசிக் வினைல்' வரிசைகளில் மூல டேப்பிலிருந்து ஒலிப் பொறியாளர் கெவின் கிரே வெட்டிய தட்டுகள் வருகின்றன. ஒலியில் மிகச் சிறந்தவை, உரிமத்தோடு வருபவை. ஏலத் தட்டின் விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. 'சோல் ஸ்டேஷன்' ஒன்றை வாங்குங்கள். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25-ல் நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் நிலவறை கிளப்பில் வாசித்ததை வாங்குங்கள். பின்னணியில் கண்ணாடிக் கிளாஸ்கள் உரசும் சத்தமும் பேச்சும் கேட்கும். அதில் பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ சில நாட்களில் கார் விபத்தில் இறந்தார், வயது 25.

சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான பிளேயர்களில் பல ஊசியை அதிக பாரத்தோடு அழுத்தித் தட்டைத் தேய்க்கும். ஊசியின் பாரத்தைத் திருத்தி வைக்கக்கூடிய பிளேயரை வாங்குங்கள். பெரும்பாலான ஊசிகளுக்கு 2 கிராம் அளவு போதும். தட்டை நிமிர்த்தியே அடுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால், நம் ஊர் வெயிலில் வளைந்துவிடும்.

இறந்தவர்களுக்கு நாம் இனிப் பணம் அனுப்ப முடியாது. இன்று வாசித்துக்கொண்டிருக்கும் இளம் ஜாஸ் கலைஞர்கள் தங்கள் தட்டைத் தாங்களே போட்டு இணையத்திலும் கச்சேரி வாசலிலும் விற்கிறார்கள். பழைய தட்டு இரண்டு வாங்கினால் அவர்களுடையது ஒன்றாவது வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, போனை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் முழுதாகப் போட்டுக் கேளுங்கள்.